தையல் தெரியட்டும்: கழிவுப் பொருள் சிற்பமும் இரண்டு வேர்களும்

அம்மா ஒரு நாடு, அப்பா இன்னொரு நாடு. "அப்போ நீ எந்தப் பக்கம்?" என்று கேட்காத ஆளில்லை. பேசிப் பேசி அலுத்துப்போய், தூக்கிப் போட்ட சாமான்களில் ஒரு முகம் செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு பாதி பழைய பித்தளைத் தகடு, மறுபாதி உடைந்த வெள்ளை நாற்காலி. அங்கேதான் சிக்கல். அந்த மாதிரி நாற்காலிகள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக், அதில் சாதாரணப் பசை பிடிக்காது, பித்தளையோடு உருக்கிச் சேர்க்கவும் வழியில்லை. கடைசியில் இரண்டு ஓரத்திலும் துளை போட்டுச் செப்புக் கம்பியால் தைத்தேன். நெற்றியிலிருந்து தாடை வரை முடிச்சு முடிச்சாகத் தெரிகிறது. பார்த்தவர்கள் எல்லாம் மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள், நான் அடிக்கவில்லை. முகச்சாயலைவிட அந்தத் தையலில்தான் நான் இருக்கிறேன்.

கானாவில் பிறந்து நைஜீரியாவில் பல காலம் வேலை செய்த சிற்பி எல் அனட்சுயியும் மது பாட்டில் மூடிகளைத் தட்டித் தட்டையாக்கிச் செப்புக் கம்பியால்தான் கோக்கிறார். தூரத்திலிருந்து பட்டுத்துணி, கிட்டே போனால் மதுக் கம்பெனிகளின் பெயர்கள்.

*

இந்த இரண்டு வேர் விஷயத்தில் எனக்குப் பிடித்தவர் சிற்பி பிரையன் ஜங்கன்தான். கனடாக்காரர், டனே-ஸா பழங்குடித் தாய், சுவிஸ் வம்சாவளித் தந்தை. 1998 முதல் 2005 வரை நைக்கி ஏர் ஜோர்டான் ஷூக்களைப் பிரித்து, மறுபடி தைத்து, மனித முடி சேர்த்து 23 முகமூடிகள் செய்தார். அவை பசிபிக் கடற்கரைப் பழங்குடிகளின் முகமூடிச் சாயலில் இருக்கும், ஆனால் டனே-ஸா மக்கள் கடற்கரைக்காரர்களே இல்லை! அந்தக் குறும்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏனென்றால் ஒரு கண்காட்சிக்கு நான் சைக்கிள் செயினில் உருவம் செய்து அனுப்பியபோது, "உங்கள் மரபு இதில் எங்கே தெரிகிறது, கொஞ்சம் பழங்குடித் தோற்றம் சேர்க்க முடியுமா" என்று கேட்டார்கள். எந்த மரபு என்று திருப்பிக் கேட்டேன், பதில் வரவில்லை. உருவத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவர்களுக்கு வேண்டியது எளிதில் அடையாளம் தெரிகிற ஒரு முத்திரை, நாம் அல்ல.

*

மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுக் கலைஞர் ரோமுவால்ட் அசூமே செய்யும் கேன் முகமூடிகளைப் பாருங்கள். பெட்ரோல் கடத்தப் பயன்பட்ட பிளாஸ்டிக் கேன், அதன் கைப்பிடி மூக்கு, ஊற்றும் வாய்தான் வாய். அவர் கேனைக் கேனாகவே விட்டுவிடுகிறார், அதுதான் அழகு. நானும் அப்படிச் செய்து பார்த்தேன், அப்பாவின் தாடைதான் வந்தது, அம்மாவுக்கு ஒரே கோபம். சரி, செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று: பெட்ரோல் இருந்த கேனைச் சூடான கருவியால் வெட்டாதீர்கள். காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி இருக்கும், தீப்பிடிக்கும்.