விரால் இழுத்ததும் முடிச்சு விட்டுப்போகிறது, பிரெய்டுக்கு என்ன முடிச்சு போடலாம்?

கொள்ளிடக்கரை:
அண்ணன்மாரே, அணைக்கரைக்குக் கீழே மடுக்களில் ரப்பர் தவளை போட்டு விரால் பிடிக்கிறேன். இத்தனை நாளும் சாதா நைலான் தூண்டில் நரம்புதான், முள்ளின் கண்ணில் கோத்து ஐந்தாறு சுற்று சுற்றி முதல் வளையத்தில் நுழைத்து இழுப்பேன், ஒரு தொல்லையும் இருந்ததில்லை. இப்போது 30 பவுண்டு தாங்கும் பிரெய்டு, அதாவது பல இழை சேர்த்துப் பின்னிய நரம்பு வாங்கி அதே முடிச்சைப் போட்டேன். ஒரே வாரத்தில் இரண்டு தவளை போய்விட்டது, இரண்டு முறையும் நல்ல எடையுள்ள மீன். வாயில் முள்ளோடு போன மீனை நினைத்தால் மனது கேட்கவில்லை. நரம்பு மட்டமா, முடிச்சு மட்டமா?

வெண்ணாறு:
தம்பி, திரும்பி வந்த நுனியைப் பாருங்கள். பிசிறு பிசிறாக இருந்தால் அறுந்தது, கத்தரித்த நுனி கத்தரித்தபடியே நெளிந்து இருந்தால் நழுவியது. பிரெய்டு வழுவழுப்பு, நைலான் போல தன்னைத்தானே கவ்விப் பிடிக்காது. பாலோமர் முடிச்சு போடுங்கள். நரம்பை மடித்து, அந்த மடிப்பைக் கண்ணில் நுழைத்து, தளர்வாக ஒரு சாதா முடிச்சு, அப்புறம் மிஞ்சிய வளையத்துக்குள் தவளையை முழுசாக நுழைத்து எடுத்து, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்க வேண்டும். தவளை பெரிது, வளையத்தைத் தாராளமாக விடுங்கள். மடித்த இரண்டு இழையும் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே விழக் கூடாது, அதுதான் முக்கியம். நைலானிலும் எச்சில் தொடாமல் இறுக்காதீர்கள், உரசல் சூட்டிலேயே பலம் குறைந்துவிடும்.

அலையாத்தி:
விராலுக்கு அது போதும். முத்துப்பேட்டைப் பக்கம் கொடுவாவுக்கு வந்தால் பிரெய்டை நேராக முள்ளில் கட்டாதீர்கள், அதன் செவுள் மூடி கத்தி மாதிரி. முன்னால் இரண்டு முழம் தடித்த நைலான் வேண்டும். இரண்டையும் சேர்க்க எஃப்ஜி முடிச்சு மெலிசாக இருக்கும், ராடு வளையங்களில் தட்டாது. ஆனால் ஆடுகிற படகில் காற்றில் அதைப் போட எனக்குப் பொறுமை இல்லை, அங்கே இரட்டை யூனி முடிச்சுதான்.

அரசலாறு:
எல்லாரும் கண் உள்ள முள்ளையே பேசுகிறீர்கள். கெளுத்திக்கும் கெண்டைக்கும் எங்கள் கடைத்தெருவில் கிடைப்பது கண் இல்லாமல் தலை தட்டையாக இருக்கும் முள், அதில் பாலோமர் எப்படிப் போடுவது? நரம்பைத் தண்டோடு சேர்த்து வைத்து ஏழெட்டு சுற்று நெருக்கமாகச் சுற்றி இறுக்க வேண்டும். நரம்பு முள்முனை இருக்கும் பக்கமாக வெளியே வர வேண்டும். பின்பக்கம் வந்தால் தட்டையின் விளிம்பு நரம்பை அறுத்துவிடும். அப்பா முதலில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்.

கொள்ளிடக்கரை:
வெண்ணாறு அண்ணே, பார்த்தேன், கத்தரித்த நுனி அப்படியே நெளிந்து இருக்கிறது. பாலோமர் போட்டு, 10 லிட்டர் வாளியில் தண்ணீர் நிரப்பிக் கட்டித் தூக்கினேன். முதல் முறை இழை குறுக்கே விழுந்துவிட்டது, அவிழ்த்து மறுபடி போட்டேன். இப்போது அசையவே இல்லை. நாளை விடியலில் மடுவுக்குப் போகிறேன்.