ஊரில இருக்கிற பழைய வீட்டுக் காட்சியறைக்குள்ள இன்ஸ்டலேஷன் செய்ய விடலாமோ?

முள்ளியவளைப் பெடியன்:
வணக்கம். அம்மப்பா கட்டின நாற்சார் வீடு எங்கட ஊரில இருக்கு, 2009க்குப் பிறகு கூரையில்லாமல் கிடந்ததை மாமா ஆக்கள் ஓடு போட்டு ஊர்ச்சனம் தந்த சாமானுகளை வைச்சு சின்னக் காட்சியறை ஆக்கினவை. பெட்டகம், சாய்மனைக்கதிரை, உரல், உறி, பொருளாதாரத் தடை நேரம் கொளுத்தின ஜாம் போத்தில் விளக்கு எல்லாம் இருக்கு. இப்ப நுண்கலை படிச்ச தங்கச்சி ஒராள் உள்ளுக்கு இன்ஸ்டலேஷன் (இடத்துக்குள்ள பொருளுகளை அமைச்சுக் காட்டுற கலை) செய்து, பின்னேரத்தில பெர்ஃபோமன்சும் (சனத்துக்கு முன்னால தானே செய்து காட்டுறது) செய்யப்போறன் எண்டு கேக்கிறா. இடம்பெயரேக்க விட்டிட்டுப்போன சாமானுகளின்ர உருவத்தில வெள்ளைத்துணி தைச்சு தொங்கவிடுறது, பிறகு வாற ஆக்களிட்ட "உங்கட வீட்டில எது போனது" எண்டு கேட்டுக் கேட்டு அதைத் துணியில நூலால எழுதுறது. எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு, ஆனா மாமா "இது அப்பு இருந்த வீடு, கூத்துக் கொட்டகை இல்லை" எண்டு நிக்கிறார். வேற இடங்களில இப்பிடி விடுறவையோ?

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
விடுறவை தம்பி. லண்டனில சிக்மண்ட் ஃப்ராய்ட் எண்ட மனநல வைத்தியர் கடைசியா இருந்த வீடு 1986ல இருந்து மியூசியம். அந்த மனுசனும் 1938ல நாசிகளுக்குத் தப்பி வியன்னாவை விட்டு ஓடிவந்தவர்தான், நோயாளியளைப் படுக்கவைச்ச கட்டிலும் சிலையளும் அவரோட வந்து சேர்ந்தது. 1999ல சோஃபி கால் எண்ட பிரெஞ்சுக் கலைஞர் தன்ர கலியாண உடுப்பை அந்தக் கட்டிலில வைச்சு, தன்ர சொந்தச் சாமானுகளை அவற்ற சாமானுகளுக்கு நடுவில வைச்சு, பக்கத்தில தன்ர கதையளையும் எழுதி வைச்சவ. இங்கால யாழ்ப்பாணத்திலயும் ஓவியர் தா. சனாதனன் 2004ல பொது நூலகத்தில, வீடுவீடாச் சேர்த்த சாமானுகளை வைச்சு ஒரு வேலை செய்தவர். மாமாட்டச் சொல்லுங்கோ, முள்ளியவளை கோவலன் கூத்து ஆடின ஊர், கூத்தெண்டா குறைவில்லை எண்டு.

கமக்காரன்:
ரீச்சர் சொல்லுறது சரி, ஆனா எனக்கு அந்தக் கேள்வியிலதான் பயம். "எது போனது" எண்டு எங்கட சனத்திட்டக் கேட்டா ஆரும் உரலையோ பெட்டகத்தையோ சொல்லாயினம், பிள்ளையைச் சொல்லுவினம். நாலுபேருக்கு முன்னால ஒரு தாய் அதைச் சொல்லி உடைஞ்சு போனா அந்தத் தங்கச்சி ஊசியையும் நூலையும் கையில வைச்சுக்கொண்டு என்ன செய்வா? இதை முதல்ல யோசியுங்கோ. மற்றது பழைய சுண்ணாம்புச் சுவரில ஆணி அடிக்க விடவேண்டாம், பூசு முழுக்கக் கழண்டு கொட்டும், கூரை வளையில கயிறு போட்டுத் தொங்கவிடலாம். விளக்குக் கொளுத்திறதெண்டா துணிக்குக் கிட்ட வேண்டாம்.

மல்லாவி அக்கா:
கமக்காரன் சொன்னதுக்கு ஒரு வழி இருக்கு. பொஸ்டனில இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் எண்டவ தான் இருந்த கட்டிடத்தையே 1903ல மியூசியமாத் திறந்தவ, சாமானுகளை வைச்ச ஒழுங்கை மாத்தக்கூடாது எண்டு உயில் எழுதிப்போட்டுச் செத்தவ, உங்கட மாமாவை விடக் கடுமை. 1990ல அங்க 13 பொருள் களவுபோச்சு, படம் இருந்த சட்டங்களை வெறுமனே இண்டைக்கும் தொங்கவிட்டிருக்கினம். அப்பிடி இறுக்கமான இடத்துக்குள்ளயே தாய்வான்காரர் லீ மிங்வெய் 2000ல ஒரு வேலை செய்தவர், ஒவ்வொரு நாளும் ஒராள் வீட்டுக்காரர் மாதிரி இருந்து, தனக்குப் பிடிச்ச சாமான் கொண்டுவந்து வாறவையோட கதைக்கிறது. அங்க ஆரும் ஆரையும் துருவிக் கேக்கிறேல்லை, கொண்டுவாறவர் தான் விரும்பினதைச் சொல்லுறார். தங்கச்சியும் கேள்வியை விட்டிட்டு, விரும்பினவை மிஞ்சின சாமான் ஒண்டைக் கொண்டுவந்து சாய்மனைக்கதிரைக்குப் பக்கத்தில இருந்து கதைக்கட்டும், அவ கேட்டுக்கொண்டு தைக்கட்டும். பேசாமல் இருந்திட்டுப் போறவையும் போகட்டும். துணி உருவம் அப்பிடியே இருக்கலாம், அது வடிவான யோசனை.

முள்ளியவளைப் பெடியன்:
எல்லாருக்கும் நன்றி. கமக்காரன் அண்ணை சொன்னதைத் தங்கச்சிக்கு வாசிச்சுக் காட்டினன், கன நேரம் பேசாமல் இருந்திட்டு கேள்வியை எடுக்கிறன் எண்டிட்டா. மாமா சாமான் ஒண்டையும் அரக்கக்கூடாது, அம்மம்மாவின்ர பெட்டகத்துக்கு மேல ஒண்டும் வைக்கக்கூடாது எண்ட ரெண்டு நிபந்தனையோட ஓமெண்டிட்டார். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வெளியில இருக்கிற சனமும் வரும், அந்தக் கிழமை வைச்சா நல்லமோ, இல்லாட்டி சனநெரிசலில இருந்து கதைக்கேலாமல் போயிடுமோ?

கமக்காரன்:
பொங்கல் முடிஞ்சு அடுத்த கிழமை வையுங்கோ. வளையைப் பாக்க நானும் வாறன், கறையான் பிடிச்சிருந்தா முதல்லயே சொல்லிப்போடுவன்.