டீப் சைக்கிள் பேட்டரிக்குத் தமிழில் என்ன சொல்? ‘ஆழ்சுழற்சி’ வேண்டாம், ‘ஆழிறக்கம்’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் டீப் சைக்கிள் பேட்டரிக்கு, அதாவது ஆழமாக இறக்கித் திரும்பத் திரும்ப ஏற்றினாலும் தாங்கும் பேட்டரிக்கு, இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: ஆழ்சுழற்சி மின்கலம், ஓய்வு மின்கலம், நெடுநேர மின்கலம். மூன்றிலும் எனக்கு உடன்பாடு இல்லை. மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ‘ஓய்வு’. பிரிட்டனில் கேரவன் வண்டியிலும் படகிலும் விளக்கு, சின்ன ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்பு எல்லாம் ஓடுவதற்கு வைக்கும் பேட்டரியை லெஷர் பேட்டரி என்கிறார்கள். விடுமுறைப் பயணம் போகிறவர்கள் வாங்குவதால் வந்த பெயர். நம்மூரில் கேரவன் என்றால் படப்பிடிப்பு வண்டிதான் நினைவுக்கு வரும். ‘ஓய்வு மின்கலம்’ என்று எழுதினால் ஓய்வெடுப்பது பேட்டரி என்று ஆகிவிடுகிறது. மேலும், சார்ஜரையும் லோடையும் கழற்றிச் சில மணி நேரம் சும்மா விட்டுப் பார்க்கிற வோல்ட்டேஜ் ஒன்று உண்டு. அதற்கு ‘ஓய்வு மின்னழுத்தம்’ என்பது கச்சிதமான பெயர். அந்தச் சொல்லை அதற்கே விட்டுவைப்போம்.

‘ஆழ்சுழற்சி’யில் எதுவும் சுழலவில்லை. மின்விசிறி சுழலும், பம்பு சுழலும். பேட்டரியில் நடப்பது ஏற்றுவதும் இறக்குவதும். பாடநூலில் மின்னேற்றம், மின்னிறக்கம் என்று ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வரும் மெக்கானிக்கும் “தினம் ஏத்தி இறக்கினா இது தாங்காதுங்க” என்றுதான் சொல்கிறார். பாடநூலும் பட்டறையும் ஒரே வினையைச் சொல்லும்போது நாம் ஏன் சுழற்சியைத் தேடிப் போக வேண்டும்? ஒருமுறை ஏற்றி ஒருமுறை இறக்கினால் ஓர் ஏற்றிறக்கம். எத்தனை முறை தாங்கும் என்பது ஏற்றிறக்க ஆயுள்.

இந்தச் சொல் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தது. பெரம்பூரில் எங்கள் தெருவில் மரமும் கம்பமும் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. இன்வெர்ட்டர் பேட்டரி ஏற்கெனவே வலுவிழந்திருந்ததால், கரண்ட் வந்த கையோடு அவசரத்தில் ஒரு கடையில் புதிது வாங்கினேன். மேலே இன்வெர்ட்டர் பேட்டரி என்றே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதை நான் ஒருவனே இரண்டு மாடி தூக்கிக்கொண்டு ஏறினேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இன்வெர்ட்டருக்கென்றே செய்யும், ஆசிட் நிரப்பிய 150 ஆம்பியர்-மணி டியூபுலர் (குழாய்த் தகடு) பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு ஆள் பிடித்தால்தான் நகரும்.

எட்டே மாதம். ஃபேன் பத்து நிமிடம் ஓடும், பிறகு இன்வெர்ட்டர் கத்தும். மெக்கானிக் வந்து ஆறு மூடிகளையும் திருகி எடுத்தார். ரப்பர்க் குமிழை அழுத்தி, கண்ணாடிக் குழாயில் ஆசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் குச்சி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். அது ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும். ஐந்து செல்லில் 1220 பக்கம் நின்றது. நான்காவது செல்லில் குச்சி மூழ்கி 1130. கூடவே கறுப்பாகக் கலங்கல். “பிளேட் உதிர்ந்துடுச்சு. இது கார் பேட்டரிங்க, உங்களுக்கு இன்வெர்ட்டருக்குன்னு குடுத்துட்டாங்க” என்றார். செல்லுக்குச் செல் 30 புள்ளி, 40 புள்ளி வித்தியாசம் வந்தாலே சந்தேகப்பட வேண்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு 90.

கார் பேட்டரியின் வேலை வண்டியைக் கிளப்புவது. சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்க வேண்டும், அதனால் மெல்லிய தகடுகள் நிறைய. கிளப்பியதும் ஆல்டர்னேட்டர் திரும்ப நிரப்பிவிடும். மொத்த இருப்பில் துளிதான் செலவாகும். அதையே பாதிக்குக் கீழே திரும்பத் திரும்ப இறக்கினால் தகட்டில் பூசிய ஈயப்பசை உதிர்ந்துவிடும். டியூபுலரில் ஈயக் கம்பிகளைச் சுற்றிக் குழாய் உறை, அந்த உறைக்குள் பசை. உதிர வழி குறைவு, ஆழமாக இறக்கினாலும் தாங்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எத்தனை மணி நேரம் ஓடும் என்பதில் இல்லை, எவ்வளவு ஆழம் இறக்கலாம் என்பதில்தான் இருக்கிறது. ‘நெடுநேர மின்கலம்’ தவறுவது இங்கேதான்.

ஆகவே என் பரிந்துரை: ஆழிறக்கப் பேட்டரி. அதற்கு எதிர்ப்பக்கம் கிளப்புப் பேட்டரி. ‘வண்டியைக் கிளப்பு’ என்பது எல்லார் வாயிலும் இருக்கிற பேச்சு, அதைக் கொச்சை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. எத்தனை விழுக்காடு இறக்கினோம் என்பது இறக்க ஆழம்.

‘ஆழி’ என்றால் கடல், சக்கரம், மோதிரம், ஆகவே ‘ஆழி இறக்கம்’ என்று படித்துவிடுவார்களே என்று தனிமடலில் ஒரு நண்பர் கேட்டார். ஆழி என்னும் சொல் உயிரோடு புணர்ந்தால் யகர உடம்படுமெய் வந்து ஆழியிறக்கம் என்றுதான் ஆகும். ஆழிறக்கம் என்பது ஆழ் + இறக்கம் மட்டுமே. ஆழ்கடல், ஆழ்துளைக் கிணறு எல்லாம் பழகிய நமக்கு இது தடுக்காது.

மின்கலம் என்று சொல்லாமல் பேட்டரி என்று விட்டதையும் கேட்பீர்கள். பாடநூல் கணக்கில் மின்கலம் என்பது ஒற்றைச் செல், பேட்டரி என்பது மின்கல அடுக்கு. 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு கலங்கள். நான்காவது கலம் போய்விட்டது என்று சொல்ல வேண்டிய இடத்தில் முழுப் பெட்டிக்கும் கலம் என்று பெயர் வைத்திருந்தால் தடுமாற்றம்தான். பேட்டரி தமிழாகி நெடுநாளாயிற்று, இருக்கட்டும்.

அடுத்தது, சொல் இல்லாததால் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம். பேட்டரியில் இப்போது எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பது ஒன்று. நிரப்பினால் எவ்வளவு கொள்ளும் என்பது வேறு. முதலாவதற்கு ‘இருப்பு’, இரண்டாவதற்கு ‘கொள்ளளவு’ என்று சொல்லலாம். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, இன்றைய இருப்பு இவ்வளவு என்று நாளிதழில் பார்க்கிறோம். ஏரியில் தூர் சேர்ந்தால் தண்ணீர் கரையைத் தொட்டு நிற்கும், ஆனால் கொள்வது குறைவு. பேட்டரியும் அப்படித்தான். உதிர்ந்த பசை அடியில் தங்குவதைத் ‘தூர்’ என்றே சொல்லலாம். தகட்டில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிவதைச் சல்பேட் படிவு என்போம்.

பழைய பேட்டரி விற்கிறவர் மீட்டரை வைத்து “பாருங்க, 12.7 காட்டுது, ஃபுல்” என்பார். அது ஓய்வு மின்னழுத்தம். முழு இருப்புக்கு ஏறக்குறைய 12.7, பாதிக்கு 12.2, 12-க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. ஆனால் கொள்ளளவு பாதி போன பேட்டரியும் நிரப்பி வைத்தால் 12.7 காட்டும். கொள்ளளவை இறக்கித்தான் அளக்க முடியும். இருபது மணி வீதத்தில் 150 ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால், 7.5 ஆம்பியர் வீதம் இழுத்து 10.5 வோல்ட்டுக்கு வர 20 மணி நேரம் ஆக வேண்டும். 12 மணி நேரத்திலேயே வந்துவிட்டால் மிச்சக் கொள்ளளவு 90 ஆம்பியர்-மணி, அதாவது 60 விழுக்காடு. 80 விழுக்காட்டுக்குக் கீழே போனதை ஆயுள் முடிந்ததாகக் கொள்வது இத்துறை வழக்கம்.

‘இருபது மணி வீதம்’ என்பதையும் சொற்பட்டியலில் சேர்க்க வேண்டும். பேட்டரியின் மேல் சி20 (இருபது மணி வீதம்), சி10 (பத்து மணி வீதம்) என்று பொடி எழுத்தில் இருக்கும். வேகமாக இறக்கினால் கிடைப்பது குறையும், 1897-லேயே பாய்க்கெர்ட் என்ற ஜெர்மானியர் அதற்குக் கணக்கு போட்டுவிட்டார். இருபது மணி வீதத்தில் 150 என்று வாங்கிய பேட்டரி பத்து மணி வீதத்தில் 150 தராது. இரண்டு பேட்டரிகளின் விலையை ஒப்பிடும்போது இரண்டின் ஆம்பியர்-மணியும் ஒரே வீதத்தில்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தயாரித்த மாதத்தையும் பாருங்கள். ஏற்றாமல் மாதக்கணக்கில் கடையில் கிடந்த புதுப் பேட்டரியிலும் சல்பேட் படிந்திருக்கும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு இந்த வோல்ட்டேஜ் கணக்கு பொருந்தாது. இருப்பு பெருமளவு குறையும்வரை வோல்ட்டேஜ் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். அதைத் தனி இழையில் பேசலாம்.

ஒன்றுக்கு மட்டும் இன்னும் எனக்குச் சொல் அகப்படவில்லை. மெக்கானிக் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்த ஹைட்ரோமீட்டர். பாலின் அடர்த்தி பார்க்கும் கருவியைப் பால்மானி என்கிறோம், அந்த வழியில் இதை அமிலமானி எனலாமா? அமிலத்தன்மையை அளக்கும் கருவியோடு குழம்பிவிடுமோ என்று தயங்குகிறேன். வேதியியல் படித்த நண்பர்கள் சொல்லுங்கள்.