ஸ்லோ குக்கரில் பரங்கிக் கூட்டு: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி

அக்கா, வணக்கம். செப்டம்பரில் மான்செஸ்டர் வந்தேன். மாஸ்டர்ஸ் படிக்கிறேன். ஐந்து பேர் இருக்கும் வீடு, ஒரே சமையலறை. வகுப்பு முடிந்து பார்ட் டைம் வேலைக்கும் போய்விட்டு வர எட்டு மணி ஆகிவிடுகிறது. சோறு எப்படியோ வைத்துவிடுகிறேன். தொட்டுக்கொள்ள ஊறுகாயும் சிப்ஸும்தான். காய் சாப்பிட்டு மூன்று வாரம் ஆகிறது. ஒருநாள் உருளைக்கிழங்கு வறுவல் செய்யப் போய், ஸ்மோக் அலாரம் அலறி, வீட்டில் எல்லாரும் குளிரில் வெளியே வந்து நிற்க வேண்டியதாகிவிட்டது. அதிலிருந்து அடுப்புப் பக்கம் போகவே தயக்கமாக இருக்கிறது. கடைகளில் ஸ்லோ குக்கர் என்று ஒன்று பார்க்கிறேன். அதில் நம் ஊர்க் காய் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்

தம்பி, தாராளமாக முடியும். மூன்று வாரம் காயே இல்லை என்று எழுதியிருப்பதைப் படித்ததும் கஷ்டமாகிவிட்டது. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, அப்புறம் நின்று காய் நறுக்கும் தெம்பு இருக்காது. அந்த நேரத்தில் கதவைத் திறந்ததும் வெந்த பருப்பு வாசனை வந்தால் போதும், பாதிக் களைப்பு போய்விடும். அதற்காகத்தான் இந்தப் பாத்திரத்தை வாங்கச் சொல்கிறேன்.

ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லோ குக்கரில் பொரியல் வராது, வறுவல் வராது. அதில் எதுவும் வறுபடாது, நீரும் வற்றாது. குழைந்தால் ருசிக்கிற பண்டம்தான் அதற்கு ஏற்றது: கூட்டு, மசியல், எரிசேரி. இதை விட்டுவிட்டு வெண்டைக்காயைப் போட்டுப் பார்த்து, இது உதவாத சாமான் என்று பரண்மேல் ஏற்றியவர்கள் நிறையப் பேர்.

வாங்கும்போது 3.5 லிட்டர் அளவு பாருங்கள். 20 முதல் 30 பவுண்டுக்குள் சாதாரண மாடல் கிடைக்கும். லோ, ஹை, வார்ம் என்று மூன்று நிலை இருந்தால் போதும். நன்கொடையாக வந்த பொருள்களை விற்கும் சில சாரிட்டி கடைகளில் சோதித்துப் பார்த்த பழைய மின்சாதனங்களும் விற்கிறார்கள். இந்த அளவுக் குக்கர் பெரும்பாலும் 200 வாட் அளவில்தான் மின்சாரம் எடுக்கும். ஆறு மணி நேரம் ஓடினாலும் நம் ஊர்க் கணக்கில் 1.2 யூனிட். பில்லைப் பங்கு போட்டுக்கொள்ளும் வீட்டில் இந்தக் கணக்கைச் சொன்னால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதித் தப்பு நேராது. பீங்கான் சட்டியைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் அடியையும் பக்கங்களையும் மெதுவாகச் சூடேற்றும். நீர் கொதிநிலைக்குச் சற்றுக் கீழேயே நிற்கும். ஆவி மூடியில் பட்டு, துளித்துளியாகத் திரும்பச் சட்டிக்குள்ளேயே விழும். அதனால்தான் நம் கைக்கணக்கில் ஊற்றும் தண்ணீர் இதற்கு அதிகம். மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கமும் ஆகாது. ஒரு தடவை திறந்தால் போன சூடு திரும்பி வர இருபது, முப்பது நிமிடம் ஆகும். கண்ணாடி மூடிதானே, வெளியிலிருந்தே பாருங்கள்.

சரி, சமையலுக்கு வருவோம். இங்கே எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் பட்டர்நட் ஸ்குவாஷ் இருக்கும். நம் பரங்கிக்காயின் உறவுதான்; இனிப்பு கொஞ்சம் கூடுதல், சதை கெட்டி. ஒரு கிலோ எடையில் ஒன்று வாங்குங்கள். தோல் வழுக்கும், காயும் கடினம், கையை வெட்டிக்கொள்ளச் சுலபமான காய். முதலில் கழுத்தையும் வயிற்றையும் குறுக்கே வெட்டிப் பிரித்துவிடுங்கள். இரண்டு துண்டும் பலகையில் ஆடாமல் நிற்கும். பிறகு பீலரால் மேலிருந்து கீழாகத் தோல் சீவுங்கள். ரொம்பக் கடினமாக இருந்தால் கத்தியால் நாலைந்து இடத்தில் குத்தி, மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்தால் தோல் இளகிவிடும். துண்டுகள் பெரிதாக இருக்கட்டும், கட்டைவிரல் நீளத்துக்கு. சின்னதாக நறுக்கினால் சாயங்காலம் துண்டே இருக்காது, களிதான் இருக்கும்.

பாசிப்பருப்பு 100 கிராம். வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்துக் கழுவினால் நல்லது. நேரமில்லையென்றால் கழுவி அரை மணி ஊறவைத்தால் போதும். பருப்பைச் சட்டியின் அடியில் பரப்பி, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், சிட்டிகைப் பெருங்காயம், கீறிய பச்சை மிளகாய் இரண்டு, தட்டிய இஞ்சி ஒரு துண்டு. சின்ன வெங்காயத்துக்குப் பதில் இங்கே ஷாலட் கிடைக்கும், நாலைந்து உரித்துப் போடுங்கள். மேலே காய். கெட்டிலில் காய்ச்சிய சுடுதண்ணீர் 400 மில்லி. அவ்வளவுதான். மூடிவிட்டு லோவில் ஆறிலிருந்து ஏழு மணி நேரம், அல்லது ஹையில் மூன்றரை மணி. சட்டி பாதிக்குக் குறையாமலும் முக்காலுக்கு மேலே போகாமலும் நிறைந்திருந்தால் சூடு சீராகப் பரவும்.

புளியும் தக்காளியும் இப்போது போடவே கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் முதல் முயற்சியில் கேரட்டும் துவரம்பருப்பும் போட்டு, புளிக்கரைசலையும் காலையிலேயே ஊற்றிவிட்டேன். தண்ணீரும் சாம்பாருக்கு ஊற்றுகிற அளவு. எட்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் பருப்பு அடியில் முழுசு முழுசாகக் கிடந்தது, கேரட் கடிக்கக் கடிக்க நறுக்கென்றது, மேலே மஞ்சள் தண்ணீர். அன்று பசியோடு அதைக் கொட்டியது இன்னும் நினைவிருக்கிறது. புளிப்பு பட்டால் பருப்பும் கிழங்கும் இளகாது என்பது பிறகுதான் புரிந்தது. பருப்பு குழைந்த பின் கடைசி அரை மணியில் புளி சேர்த்தால் ஒரு குறையும் இல்லை.

தண்ணீரும் ஒரு காரணம். நீங்கள் இருக்கும் மான்செஸ்டருக்குத் தண்ணீர் லேக் டிஸ்ட்ரிக்ட் ஏரிகளிலிருந்து வருகிறது, மென்னீர், பருப்பு நன்றாக வேகும். லண்டன் பக்கம் கடின நீர். அங்கே இருப்பவர்கள் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு ஃபோர்க்கை வைத்து அழுத்திப் பாருங்கள். விளிம்பு உருண்டு, நடு மட்டும் வடிவம் நிற்கும். அதுதான் பதம். உப்பை இப்போது போட்டுக் கரண்டியால் ஒரு தடவை மட்டும் கிளறுங்கள். தேங்காய்க்கு மிக்ஸி வேண்டியதில்லை. க்ரீம்ட் கோகோனட் என்று அட்டைப்பெட்டியில் வெள்ளைக் கட்டியாக விற்கும். முப்பது கிராம் சீவி, கொஞ்சம் சுடுநீரில் கரைத்து ஊற்றுங்கள். ஒரு டீஸ்பூன் சீரகத்தை டம்ளர் அடியால் நசுக்கிச் சேருங்கள். இருபது நிமிடம் ஹையில் இருக்கட்டும். காலையிலேயே தேங்காய்ப்பால் ஊற்றினால் திரிந்துவிடும்.

இனி தாளிப்பு. இதை விட்டுவிடாதீர்கள், இது இல்லாவிட்டால் பத்தியச் சாப்பாடுதான். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அலாரத்தைக் கிளப்புவது தாளிப்பு அல்ல, புகையும் அளவுக்குக் காய்ந்த எண்ணெயும் கருகும் மிளகாயும்தான். சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, புகையை வெளியேற்றும் எக்ஸ்ட்ராக்டர் விசிறியை ஓட விடுங்கள். சின்ன வாணலியில் ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெய், அடுப்பு மிதமாக. ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பாருங்கள். அது வெடித்ததும் மற்ற கடுகையும் கொஞ்சம் உளுந்தையும் போட்டு மூடிவிடுங்கள். உளுந்து சிவந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, அதற்கப்புறம் காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும். மிச்சச் சூட்டிலேயே பொரிந்துவிடும், நெடி வராது. எத்தனை நெருக்கடி என்றாலும் அலாரத்தின் மேல் துணியைக் கட்டவோ பேட்டரியைக் கழற்றவோ செய்யாதீர்கள். ஐந்து உயிர் தூங்கும் வீடு அது. கறிவேப்பிலை கிடைக்கும்போது நிறைய வாங்கி, கழுவித் துடைத்து, ஃப்ரீஸரில் போட்டுவிடுங்கள்.

பகிர்ந்து வாழும் வீட்டில் இன்னொரு விஷயம். இங்கே பெரும்பாலான சுவர்ப் பிளக்குகளுக்குத் தனிச் சுவிட்ச் உண்டு. நல்ல மனதோடு யாராவது அணைத்துவிட்டுப் போவார்கள். எத்தனை மணிக்கு அணைந்தது என்று தெரியாமல் குளிர்ந்து கிடக்கும் கூட்டைச் சாப்பிடாதீர்கள். காலையிலேயே ஒரு தாளில் "வேகிறது, எட்டு மணி வரை அணைக்க வேண்டாம்" என்று அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதி ஒட்டுங்கள். முதல் தடவை மட்டும் விடுமுறை நாளில், நீங்கள் வீட்டில் இருக்கும்போது செய்து பாருங்கள். குக்கரைச் சுவரை ஒட்டாமல், நேராகச் சுவர்ப் பிளக்கில் செருகி வையுங்கள்.

மிச்சத்தைச் சட்டியோடு ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். ஆழமில்லாத டப்பாவில் மாற்றி இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்து, இரண்டு நாளில் முடியுங்கள். மறுபடி சூடாக்க மைக்ரோவேவ்தான், ஆவி பறக்கும் வரை. சூடான பீங்கானில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்.

கடைசியாக, மிக முக்கியமாக: ராஜ்மாவைப் பச்சையாக இதில் போடவே போடாதீர்கள். அதில் இயற்கையாகவே ஒரு நஞ்சுப் புரதம் உண்டு. ஸ்லோ குக்கரின் சூடு அதை அழிக்காது. இரவு முழுவதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அடுப்பில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்த பிறகே குக்கருக்குப் போக வேண்டும். தகர டப்பாவில் வருவது ஏற்கனவே வெந்தது, பயமில்லை.

கேள்வி

அக்கா, ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். தண்ணீரை 350 ஆகக் குறைத்தேன், கெட்டியாக நன்றாக வந்தது. அலாரம் சத்தமே போடவில்லை! பக்கத்து அறை நைஜீரியப் பையன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். வேறு என்ன காய் போடலாம்? அடுத்த வாரம் வேலையிடத்தில் கிறிஸ்துமஸ் விருந்து, ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டே கொண்டுபோகலாமா?

பதில்

ரொம்ப சந்தோஷம் தம்பி. கிறிஸ்துமஸுக்கு முன்னால் சூப்பர் மார்க்கெட்டுகள் போட்டி போட்டுக்கொண்டு கேரட், பார்ஸ்னிப், ஸ்வீட், குட்டி முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் அடிமாட்டு விலைக்குத் தருவார்கள். வாங்கிவிடுங்கள். பார்ஸ்னிப் வெள்ளைக் கேரட் மாதிரி இருக்கும், இனிப்பு. ஸ்வீட் என்றதும் மிட்டாய் என்று நினைக்காதீர்கள், நூல்கோல் வாசனையில் ஒரு மஞ்சள் கிழங்கு. அதையும் கேரட்டையும் வேகவைத்து, வெண்ணெயும் மிளகுத்தூளும் போட்டு மசித்து, ஞாயிறு விருந்தில் இறைச்சிக்குப் பக்கத்தில் வைப்பார்கள். நம் மசியலேதான். கிழங்குகள் இதில் மெதுவாக வேகும் என்பதால் சின்னதாக நறுக்கி அடியில் போடுங்கள்.

கூட்டு கொண்டுபோனால் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு சீட்டு வையுங்கள். இந்த நாட்டில் உணவு விற்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் கடுகும் ஒன்று. பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், அதையும் எழுதுங்கள்.

ஆனால் அன்றைக்கு அவர்கள் ஊர்ப் பண்டத்தையே செய்து கொண்டுபோங்கள் என்பேன். சிவப்பு முட்டைக்கோஸ். கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் எல்லார் வீட்டிலும் தெரிந்த துணைக்கறி, அதுவும் மெதுவாக வேகத்தான் வேண்டும். நடுத்தரக் கோஸ் ஒன்றை மெல்லிசாகச் சீவி, பிராம்லி என்ற புளிப்பு ஆப்பிள் இரண்டு, வெங்காயம் ஒன்று நறுக்கிச் சேருங்கள். நாட்டுச்சர்க்கரை நிறத்தில் இருக்கும் பிரவுன் சுகர் மூன்று மேசைக்கரண்டி, ஆப்பிள் சைடர் வினிகர் நாலு மேசைக்கரண்டி, கிராம்பு நாலு, பட்டை ஒரு துண்டு, உப்பு, மேலே கொஞ்சம் வெண்ணெய். வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் ஊற்றினால் வீகன் ஆட்களும் சாப்பிடலாம். தண்ணீர் வேண்டாம். சட்டி நிறைந்து வழிவது போல் தெரியும், கையால் அமுக்கி மூடுங்கள், பாதியாக அமுங்கிவிடும். லோவில் ஆறேழு மணி நேரம்.

பருப்புக்குக் காலையில் புளி கூடாது என்றேன் அல்லவா, இதற்கு நேர்மாறு. வினிகரை முதலிலேயே ஊற்ற வேண்டும். புளிப்பு இருந்தால்தான் அந்தச் சிவப்பு நிற்கும். இல்லாவிட்டால் கோஸ் நீலம் பாய்ந்து, பார்க்கவே யாரும் கை நீட்ட மாட்டார்கள். இலையும் குழைந்து போகாமல் மெல்லுகிற பதத்தில் இருக்கும்.

முதல் நாளே செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், மறுநாள் இன்னும் ருசி. கிராம்பையும் பட்டையையும் எண்ணி எடுத்துவிடுங்கள், அவர்களுக்குக் கடித்துப் பழக்கமில்லை. டப்பா மூடி இறுக்கமாக இருக்கட்டும், அந்தச் சாறு பையில் வழிந்தால் கறை லேசில் போகாது.