தருமபுரி அருங்காட்சியகத்தில் ரோல் பிளே: எந்த நிகழ்வை எடுக்கலாம்?

தகடூர் மன்றம்:
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேர். தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய், சும்மா சுற்றிக் காட்டாமல் ரோல் பிளே நடத்தலாம் என்று பேச்சு. கையில் இரண்டரை மணி நேரம். அதியமானின் தகடூர்ப் (இன்றைய தருமபுரி) போரை எடுக்கலாம் என்கிறார்கள் சிலர். பிள்ளைகள் வசனம் பேசிக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போய்விடுவார்கள், முடிவெடுக்கப் பழக மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எதை எடுக்கலாம், எப்படிப் பிரிக்கலாம்?

நடுகல் வாசகன்:
அதியமான் வேண்டாம் சார். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறைதான் தகடூரை வென்றான் என்பது பாடத்திலேயே இருக்கிறது. முடிவு தெரிந்த பிள்ளை யோசிக்காது, நடிக்கும். ஔவை தொண்டைமானிடம் தூது போன காட்சியும் (புறநானூறு 95) அப்படியே. ஒருத்தி பேச, 39 பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

அங்கேயே நடுகற்கள் இருக்கின்றனவே, அதில் தொடங்குங்கள். மாட்டு மந்தையை மீட்கப் போய் விழுந்தவனுக்கு எடுத்த கல்லாகத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அரசனின் ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எந்தப் பூசலில் பட்டான் என்பதோடு எழுத்து முடிந்துவிடும். மந்தையைத் ‘தொறு’ என்று குறித்திருக்கும். விடியலில் மாடு போய்விட்டது, உடனே துரத்துவதா, தலைவனின் படை வரும்வரை பொறுப்பதா என்று ஊர் கூடிப் பேசியதைக் கல் சொல்லாது. அந்த இடைவெளிதான் உங்கள் விளையாட்டு.

எட்டுப் பேராக ஐந்து குழு. ஊர்ப் பெரியவர், மேய்த்துக்கொண்டிருந்த பையன், வில்லாளிகள் இருவர், ஒரு வில்லாளியின் மனைவி, தலைவனின் ஆள், பக்கத்து ஊர்க்காரர், விதைநெல் காப்பவர். ஒவ்வொருவருக்கும் ஐந்தாறு வரியில் ஒரு அட்டை: உனக்குத் தெரிந்தது, உனக்கு வேண்டியது, நீ வெளியே சொல்லாதது. அரைப் பக்கத்தைத் தாண்டினால் படிப்பதிலேயே நேரம் போய்விடும்.

கல்லைப் பார்க்க 20 நிமிடம், அட்டை படிக்க 15, பிறகு 12 நிமிடச் சுற்று மூன்று, முடிவை அறிவிக்க 10, கடைசிப் பேச்சுக்கு 45. மிச்சம் 24 நிமிடம் நடைக்கும் தேநீருக்கும் சரியாக இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சேதி அட்டை விடுங்கள். மாட்டைக் கவர வந்தவர்கள் பத்துப் பேர் என்று பையன் சொல்ல, முப்பது என்று பக்கத்து ஊர்க்காரர் சொல்லட்டும். இந்த முரண் இல்லையென்றால் ஐந்து குழுவும் ‘போவோம்’ என்றுதான் முடிக்கும். வீரம் அவ்வளவு சுலபமாக இழுத்துவிடும்.

கல்வெட்டை முதலிலேயே வாசித்துச் சொல்லிவிடாதீர்கள், சிற்பத்தை மட்டும் பார்க்கட்டும். எழுத்து தெரிய வேண்டுமென்று சாக்பீஸ், மாவு எதையும் தேய்க்க விடாதீர்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். வார விடுமுறை எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு, அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பாத்திரங்களுக்குச் சாதிப் பெயர் வேண்டவே வேண்டாம். விளையாட்டு முடிந்தாலும் வகுப்பில் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும்.

பாரமகால்:
ஒன்பதுக்கு நடுகல் சரி. பதினொன்று, பன்னிரண்டு என்றால் 1792-க்கு வாருங்கள். அந்த மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், தருமபுரி, கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாரமகால் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து வரி வைத்தார்கள். நீண்ட காலக் குத்தகையா, ஆண்டுக்கு ஆண்டு கணக்கா என்ற இழுபறி அப்போது நிஜமாகவே நடந்தது.

கீழே உள்ள எண்கள் விளையாட்டுக்காக வைத்தவை, ஆவணத்தில் உள்ளவை அல்ல. ஆளுக்கு நான்கு வயல், 20 காசு. குத்தகை எடுத்தவர் உழுதாலும் உழாவிட்டாலும் வயலுக்கு 4 காசு கட்ட வேண்டும். ஆண்டுக் கணக்கு என்றால் உழுத வயலுக்கு மட்டும் 5. விளைச்சல் வரவு, நல்ல மழையில் உழுத வயலுக்கு 9 காசு, நடுத்தரத்தில் 6, பஞ்சத்தில் 2. வீட்டுச் செலவு ஆண்டுக்கு 8. மழைச் சேதியைச் சொன்ன பிறகே எத்தனை வயல் உழுவது என்று கேளுங்கள். ஆனால் குத்தகையா கணக்கா என்பதை முதல் ஆண்டிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.

நான்கு ஆண்டில் ஒரு பஞ்சம் வந்தால் குத்தகைக்காரர் ஆண்டுக் கணக்குக்காரரைவிட 4 காசு முன்னே இருப்பார். இரண்டு வந்தால் 8 காசு பின்னே. இரண்டும் தொடர்ந்து முதலிலேயே வந்துவிட்டால் குத்தகைக்காரரின் கையிருப்பு மைனஸ் 12, வட்டிக்காரரிடம் போக வேண்டியதுதான். அதற்கும் ஒரு பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.

1791-இல் மேக்ஸ்வெல் கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கி, மேலிருந்து பாறை உருட்டப்பட்டுப் பின்வாங்கியதை எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது வெற்றி தோல்விப் போட்டியாகிவிடும்.

தகடூர் மன்றம்:
நடுகல்லே எடுத்துக்கொள்கிறோம். கடைசிப் பேச்சுக்கு 45 நிமிடம் அதிகமில்லையா? வாய்த்துடுக்கான இரண்டு பேரே குழுவை இழுத்துக்கொண்டு போனால்?

நடுகல் வாசகன்:
அதிகமில்லை. நேரம் தட்டினால் மூன்றாம் சுற்றை வெட்டுங்கள், பேச்சை வெட்டாதீர்கள்.

துடுக்கான பிள்ளைக்கு மேய்த்த பையன் அட்டையைக் கொடுங்கள். அவன் பார்த்ததைச் சொல்லலாம், முடிவில் வாக்கு கிடையாது. ஒவ்வொரு சுற்று முடிவிலும், அடுத்ததைத் தொடங்கும் முன் எல்லோரும் தனித்தனியாக எழுதட்டும்: என் முடிவு, காரணம், என்ன நடக்கும் என்று நினைக்கிறேன். அமைதியான பிள்ளையின் யோசனை அந்தத் தாளில்தான் கிடைக்கும்.

கடைசிப் பேச்சின் தொடக்கத்தில் அட்டைகளைத் திரும்ப வாங்கிவிட்டு, சொந்தப் பெயரால் கூப்பிடுங்கள். இல்லாவிட்டால் பாத்திரத்தின் சண்டையைத் தேநீர் வரை கொண்டுபோவார்கள். முதல் கேள்வி ‘யார் செய்தது சரி’ என்று இருக்கக் கூடாது. ‘அப்போது உனக்கு எது தெரியாது’ என்று கேளுங்கள். அதன் பிறகு கல்லிடம் கூட்டிப்போய் எழுத்தை வாசியுங்கள், போக வேண்டாம் என்றவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்.