சூரியகாந்தி யாரைப் பார்த்து நிற்கிறது?

கேள்வி:
அரசவை ஓவியர் ஆந்தனி வான் டைக் 1632–33 வாக்கில் வரைந்த தன்னுருவ ஓவியத்தில், ஒரு கையால் தம் பொற்சங்கிலியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் தம் முகத்துக்கு நிகரான பெரிய சூரியகாந்தியைச் சுட்டுகிறார். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லசிடம் அவர் கொண்ட விசுவாசத்தையே அந்தப் பூ குறிக்கிறது என்கிறார்கள். ஓவியர் வான்கோவின் சூரியகாந்திப் படத்திலோ ஒரு ஜாடியும் பூக்களும்தான் இருக்கின்றன. ஒரே பூவின் பொருள் இவ்வளவு தூரம் விலகியது எப்படி?

மறுமொழி 1:
சூரியகாந்தி 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த பூ. அதற்கு வெகுகாலம் முன்பே ரோமானியக் கவிஞர் ஓவிட், சூரியதேவனால் கைவிடப்பட்ட கிளைட்டி என்ற தேவகன்னி அவன் போகும் திசையெல்லாம் முகம் திருப்பும் பூவானதாகப் பாடியிருந்தார். அவர் சொன்னது வேறொரு சிறு பூ. பின்னால் வந்த இந்தப் பெரிய பூ அந்தக் கதையைத் தனதாக்கிக்கொண்டது. சூரியன் மன்னனாகவும் பூ அடியவராகவும் ஆன பிறகு, வான் டைக்குக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை; அந்தச் சங்கிலியும் மன்னர் கொடுத்ததே. (உண்மையில் இளஞ்செடிதான் சூரியனோடு திரும்பும், முற்றிய பூ கிழக்கு நோக்கியே நின்றுவிடும். அரசவைக்காரர்கள் இதைக் கவனிக்கவில்லை போலும்.)

மறுமொழி 2:
வான்கோ 1888 ஆகஸ்டில், பிரான்சின் ஆர்ல் நகரில் தம்மோடு தங்க வரவிருந்த சக ஓவியர் கோகனின் அறையை அழகுபடுத்தவே இந்தச் சூரியகாந்திப் படங்களை வரையத் தொடங்கினார். லண்டன் தேசிய ஓவியக்கூடத்திலுள்ள படத்தை நெருங்கிப் பாருங்கள்: சில பூக்கள் இதழ் உதிர்ந்து வெறும் விதைத்தட்டாக நிற்கின்றன, சில தலை கவிழ்ந்திருக்கின்றன, பின்புலமும் மஞ்சள், ஜாடியும் மஞ்சள். திரும்பிப் பார்ப்பதற்கு அங்கே சூரியனே இல்லை. 1890இல் தங்கைக்கு எழுதிய கடிதத்தில், அந்தப் பூ நன்றியுணர்வைக் குறிப்பதாக அவரே சொல்கிறார். பூவை மன்னனிடமிருந்து விடுவித்தவர் வான்கோதான் என்பது என் கருத்து.

மறுமொழி 3:
விடுவித்தார் என்பது சரி. ஆனால் பழைய பொருள் ஒழிந்துவிடவில்லை. சீனப் பண்பாட்டுப் புரட்சிக் காலச் சுவரொட்டிகளில் மாவோ சூரியன், மக்கள் அவரை நோக்கித் திரும்பிய சூரியகாந்திகள். வான் டைக் காலத்து உவமையேதான், அடியவர்கள்தாம் கோடிக்கணக்கில் பெருகிவிட்டார்கள். அந்தக் காலத்தில் வளர்ந்த சீனக் கலைஞர் ஐ வெய்வெய், 2010இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் பீங்கானால் செய்த சுமார் 10 கோடி சூரியகாந்தி விதைகளைத் தரையில் பரப்பினார். பீங்கானுக்குப் பேர்போன சீன நகரமான ஜிங்தெசெனின் கைவினைஞர்கள் ஒவ்வொன்றாகக் கோடு தீட்டியதால், எந்த இரு விதைகளும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. பார்வையாளர்கள் அவற்றின்மேல் நடக்கலாம் என்றுதான் திறந்தார்கள். பீங்கான் தூசி உடலுக்குக் கேடு என்று சில நாள்களிலேயே தடுத்துவிட்டார்கள்.