காஸ்பெக் மலைக்குத் தனியாகப் போகலாமா? கோர்பு ஏறின கால் பனியாற்றுக்குப் போதுமா?

சிப்புட்காரன்:
எங்க சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பையன். நம்ம மலேசிய மலைங்க கோர்பு, தஹான், கினாபாலு மூணும் முடிச்சவன். ஆகஸ்ட்ல ஜார்ஜியா போய் காஸ்பெக் மலையைத் தனியா ஏறப்போறேன்னு டிக்கெட் எடுத்துட்டான். 5,000 மீட்டருக்கு மேல, பனியாறு உள்ள மலை. வீட்ல அம்மா சரியாத் தூங்கறதில்ல. தடுக்கறதா, தயார்படுத்தி அனுப்பறதா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கயிற்றுமுடிச்சு:
தடுக்கணும். அவன் ஏறின மூணு மலையிலயும் பனியாறு கிடையாது. கினாபாலு 4,095 மீட்டர்தான், ஆனா உச்சி வரைக்கும் பாறை. வழிகாட்டி இல்லாம ஏற விடவும் மாட்டாங்க. தஹான்ல அட்டை கடிக்கும், வழி தவறும், ஆனா நிக்கற தரை உள்வாங்காது. பனியாத்துல அதுதான் நடக்கும்.

பனியாறு மெதுவா நகர்ந்துக்கிட்டே இருக்கு. அடிப்பாறை மேடாகி வளையற இடத்துலயும் திருப்பத்தோட வெளிப்பக்கத்துலயும் ஐஸ் இழுபட்டு வெடிக்கும். காத்து அள்ளிட்டு வர்ற பனி அந்த வெடிப்புக்கு மேல கூரை போட்டுடும். பனிப்பாலம்னு சொல்றது இதைத்தான். பார்வைக்கு வெறும் சமதளம். மூணு பேர் ஒரே கயித்துல பத்துப் பன்னிரண்டு மீட்டர் இடைவெளி விட்டு நடந்தா, ஒருத்தன் உள்ள போனதும் மத்த ரெண்டு பேர் பனிக்கோடரியைக் குத்திப் படுத்து அவனை நிறுத்தலாம். தனியாப் போறவனை நிறுத்த ஆள் இல்ல. பிளவு கீழ போகப்போகக் குறுகும். விழுந்தவன் ஆப்பு மாதிரி இறுகுவான்; உடம்புச் சூட்டுல ஐஸ் உருகி இன்னும் கீழ இறங்குவான்.

1980 ஆகஸ்ட்ல பேர்போன மலையேறி மெஸ்னர் எவரெஸ்ட்டைத் தனியா ஏறினப்பவே பனிப்பாலம் உடைஞ்சு உள்ள விழுந்தார். நடுவுல ஒரு சின்னப் பனித்திட்டு தாங்கிச்சு, பிழைச்சார். அந்தத் திட்டை நம்பி யாரையும் அனுப்ப முடியாது.

செம்பனைநிழல்:
அண்ணே, எல்லாப் பனியாத்தையும் ஒரே கணக்குல சேர்க்காதீங்க. காஸ்பெக்ல வெறும் ஐஸா கிடக்கறது, பனி மூடினதுன்னு ரெண்டு விதமும் இருக்கு. மலையடிவாரத்து ஸ்தெபான்த்ஸ்மிந்தா ஊர் 1,740 மீட்டர். பழைய வானிலை நிலையத்துல இருக்கற தங்கும் குடில் சுமார் 3,650. நடுவுல கெர்கெட்டி பனியாத்தோட கீழ்ப்பகுதியைக் கடக்கணும். ஆகஸ்ட்ல மேல்பனி கரைஞ்சு அங்க வெறும் ஐஸும் சரளைக்கல்லும்தான் இருக்கும். பிளவெல்லாம் வாயைத் திறந்து கிடக்கும், சுத்திப் போயிடலாம். அங்க ரெண்டு பேர் கயித்தை ஐஸ்ல எங்கயும் பிணைக்காம ஒண்ணாக் கட்டிக்கிட்டா, ஒருத்தன் வழுக்கினதும் மத்தவனையும் சேர்த்து இழுத்துட்டுப் போவான்.

குடிலுக்கு மேலதான் பனி மூடின பகுதி. அதுக்கு ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பணும். வானம் தெளிஞ்ச ராத்திரியில பனி இறுகிப் பாலம் கெட்டியாகும். குடிலுக்கு மேல உள்ள ஹ்மாவுரா பாறைச் சுவருக்கு அடியில கல் விழற இடத்தையும் இருட்டோட தாண்டிடலாம், ஹெல்மெட்டோட. ஜப்பான் மலையேறி உவேமுரா அலாஸ்காவுல உள்ள டெனாலியில மூங்கில் கழிகளை உடம்போட கட்டிக்கிட்டு நடந்தார், விழுந்தா கழி பிளவுக்குக் குறுக்கே மாட்டிக்கும்னு. தனி ஆளுக்கும் வழிமுறை இருக்கு.

கயிற்றுமுடிச்சு:
உவேமுரா 1984 பிப்ரவரி 12-ல் சிகரம் தொட்டார். இறங்கும்போது காணாமப் போனவர், இன்னிக்கு வரைக்கும் உடல் கிடைக்கல. எப்படின்னு யாருக்கும் தெரியாது, ஏன்னா கூட யாரும் இல்ல.

ரெண்டு மணிக்குக் கிளம்பறது சரி. திரும்பறது எத்தனை மணிக்கு? அதே பாலத்துல காலை பத்து, பதினொண்ணுக்குக் கால் வைக்கணும், வெயில் ஏறி இளகின பிறகு. ராத்திரி மேகம் போட்டிருந்தா பனி இறுகவே இறுகாது. ராத்திரி மூணு மணிக்கு பூட்ஸ் கணுக்கால் வரைக்கும் புதைஞ்சா அன்னிக்கு அங்கேயே திரும்பிடணும். கோடரிக் காம்பை இறக்கிப் பார்க்கும்போது ஒரே சீரா எதிர்த்தா நல்லது; திடீர்னு கை லேசாயிட்டா கீழ வெற்றிடம். ஆயிரம் அடிக்கு ஆயிரம் தடவை யார் குத்திப் பார்ப்பாங்க? முன்னாடி போனவன் தடத்தை நம்பித்தான் நடப்பாங்க. அந்தத் தடம் விடியற்காலைப் பாலம் தாங்கின தடம்.

மாத்திரைப்பெட்டி:
தம்பிகளா, பிளவை மட்டுமே பேசுகிறீர்கள். 1,740-லிருந்து 3,650-க்கு ஒரே நாளில் ஏறுவதே தவறு. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. 3,000 பக்கத்தில் ஓர் இரவாவது, குடிலில் குறைந்தது இரண்டு இரவாவது தங்கட்டும். பகலில் 4,000 வரை நடந்துவிட்டு இறங்கித் தூங்கட்டும். உயர நோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரை 125 மில்லிகிராம் காலை மாலை, டாக்டரிடம் கேட்ட பிறகு. அது இந்த நாள்களுக்கு ஈடாகாது.

தனியாகப் போவதில் எனக்குப் பெரிய பயம் இதுதான்: உயரத்தால் மூளை வீங்கினால் அதை முதலில் உணராதது அந்த மூளையேதான். குதிகாலை அடுத்த காலின் விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொன்னால் தள்ளாடுவது கூட நிற்பவருக்குத் தெரியும். நடப்பவருக்கு "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றே தோன்றும்.

செம்பனைநிழல்:
அக்கா சொல்ற நாள்கணக்கை அப்படியே எடுத்துக்கறேன். பயிற்சியை இங்கயே செய்யலாம். தோட்டத்துத் திடல்ல உள்ள மாமரக் கிளையில கயிறு கட்டித் தொங்கி, 6 மில்லிமீட்டர் புருசிக் கயிறு (பெரிய கயித்துல சுத்தி முடிச்சுப் போடறது, பாரம் விழுந்தா இறுகும்) ரெண்டால மேல ஏறிப் பழகணும். முதுகுல 15 கிலோ. கையுறையை மீன்காரர் ஐஸ் பெட்டித் தண்ணியில பத்து நிமிஷம் ஊறவச்சு மாட்டிக்கிட்டு முடிச்சைத் தள்ளிப் பாருங்க. விரல் மரத்தா மூணு சுத்து முடிச்சு நகராது, ரெண்டு சுத்து நழுவும். பையைத் தோள்ல வச்சு ஏறினா உடம்பு பின்னால சாயும்; கழட்டி ஹார்னஸ்ல, அதான் இடுப்புல மாட்டற வார்ப்பட்டையில, கீழ தொங்கவிட்டா நிமிர முடியும்.

கயிற்றுமுடிச்சு:
நல்ல பயிற்சி. அந்த மாமரம் அங்க யாரு? மேல கயித்தைப் பிடிச்சு நிறுத்த ரெண்டு பேர் இருந்தாத்தான் புருசிக்கால ஏற முடியும். தனியா விழுந்தவனோட கயிறு அவன் பைக்குள்ள சுருண்டு கிடக்கும்.

செம்பனைநிழல்:
இதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்ல அண்ணே. தனி ஆள்னா புருசிக் உதவாது; ஹார்னஸ்லயே தொங்கற ஐஸ் ஸ்க்ரூ (ஐஸ்ல திருகற ஆணி) ரெண்டு, ரெண்டாவது கோடரி, கொஞ்சம் ஸ்லிங் (நாடா வளையம்). ஸ்க்ரூவைத் திருகி, மாட்டி, மூச்சு வாங்கி, அடுத்ததைத் திருகணும். ஆனா பிளவோட மேல் ரெண்டு மூணு மீட்டர் ஐஸ் இல்ல, இளகின பனி. அதுல ஸ்க்ரூ நிக்காது. குடிலுக்கு மேல கயிறு வேணும், ஒத்துக்கறேன். கீழ, குடில் வரைக்கும் தனியாப் போகலாம்ங்கறதை விடமாட்டேன்.

கயிற்றுமுடிச்சு:
கீழ்ப்பகுதிக்கு நான் சண்டை போடல, மூடுபனி இறங்காத நாளா இருந்தா. 1997 மே 23-ல் நம்ம மலேசியாக்காரங்க மகேந்திரனும் மோகனதாசும் எவரெஸ்ட்ல நின்னதைக் கேட்டு வளர்ந்த பையன்தானே. அவங்க பின்னால ஒரு குழுவே இருந்துச்சு, ஷெர்ப்பாக்கள் இருந்தாங்க. அதைச் சொன்னா கேப்பான்.

சிப்புட்காரன்:
சொல்லிட்டேன். குடில்ல ரெண்டு நாள் தங்கி, மேல போற கயித்துக் குழுவுல சேர வழிகாட்டிக்குப் பணம் ஒதுக்கறேன்னு சொல்றான். கயிறு கிடைக்கலன்னா குடிலோட திரும்பறதா அம்மாகிட்ட வாக்குக் கொடுத்திருக்கான். ஞாயித்துக்கிழமை காலையில மாமரத்துக்கு வர்றோம்.

மாத்திரைப்பெட்டி:
காப்புறுதிப் பத்திரத்தில் உயர வரம்பைப் பாருங்கள். பல பாலிசிகள் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் ஹெலிகாப்டர் செலவைத் தருவதில்லை.

செம்பனைநிழல்:
பூட்ஸையும் கிராம்பானையும் (பூட்ஸுக்கு அடியில மாட்டற இரும்புப் பல்லு) தனித்தனியா வாங்கவேணாம். ரெண்டையும் சேர்த்து மாட்டி, வாரைக் கட்டாம, பூட்ஸைத் தூக்கி உதறிப் பாருங்க. கிராம்பான் கழண்டு விழுந்தா அந்த பூட்ஸுக்கு அது பொருந்தல. ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வாங்க, கிராம்பான் பல்லைக் கூராத் தேய்க்க என்கிட்ட அரம் இருக்கு.